காலையில் ஒழுகும், மெக்கானிக்கிடம் ஒழுகாது

வாரன்டி எல்லாம் எப்போதோ முடிந்துபோன கார் இது. இன்ஜின் சத்தம் கூடவில்லை, கிளட்ச் இன்னும் தளரவில்லை, ஏசியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மைலேஜ், பிக்கப் பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது தெர்மோஸ்டாட் ஹவுசிங் ஒன்றைப் பற்றித்தான். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு ஹவுசிங். நேற்று அதைக் கழற்றி மாட்டியதில் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது, அந்தக் கோபமும் சேர்ந்துதான் வரும்.

ராத்திரி நின்ற வண்டிக்கடியில் காலையில் ரோஸ் நிறத்தில் நாலு சொட்டு கூலன்ட். லேசான இனிப்பு வாசம். நாய், பூனை நக்கினால் விஷம், அதனால் முதல் வேலை அதைத் துடைப்பது. இன்ஜின் சூடானதும் ஒழுகல் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் சூடாகத்தானே போய் நிற்கும்? "எங்கேயும் ஒழுகலையே சார்" என்று பானட்டை மூடிவிடுவார்கள். பொய்யில்லை, அவர்கள் பார்க்கும்போது ஒழுகாது. ஹவுசிங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் வயதாகி இறுகிவிட்டது. பிளாஸ்டிக் ஹவுசிங் குளிரில் சுருங்கும்போது கூடவே நகர்ந்து இடைவெளியை அடைக்க அதனால் முடிவதில்லை. சூட்டில் எல்லாம் விரிந்து திரும்ப அடைத்துக்கொள்கிறது. மிச்சம் கசிவதும் அங்கேயே ஆவியாகி, ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவத்தை மட்டும் விட்டுப்போகிறது.

ஒருவர் ரேடியேட்டரை மாற்றலாம் என்றார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்றார். இந்த யோசனையை எங்கே போனாலும் யாராவது சொல்லத்தான் செய்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சூடாக நேரமெடுக்கும், அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். ஒழுகுவது ஹவுசிங், உள்ளே இருக்கும் வால்வு என்ன பாவம் செய்தது?

கடைசியில் கண்டுபிடித்துக் கொடுத்தது கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர். வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே கூலன்ட் ஊற்றும் வாயில் மாட்டி, அதன் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். பெரும்பாலும் 1 பாரை ஒட்டி இருக்கும். முள் மெல்ல இறங்கியது, ஹவுசிங் ஓரத்தில் ஒரு முத்து திரண்டது. டார்ச் அடித்து அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இந்தக் கார் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

இனி திட்டு. மேல் போல்ட் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கீழ் போல்ட்டை ஹோஸுக்கும் வயரிங்குக்கும் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கை போனால் கண் போகாது, கண் போனால் கை போகாது. வெளியே எடுத்த வளையம் உருண்டையாக இல்லை, பட்டையாகத் தட்டிப்போய் இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம்கூடப் பதியவில்லை. ஹவுசிங்கைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. அதாவது வளைந்துவிட்டது. வளையத்தை மட்டும் மாற்றியிருந்தால் சீக்கிரமே திரும்ப ஒழுகியிருக்கும். முழு ஹவுசிங்காகவே வாங்கிப் போட்டேன்.

வளையம் உட்காரும் காடியில் சிலிக்கான் பேஸ்ட் தடவச் சொல்வார்கள், தடவாதீர்கள். வளையம் வழுக்கி வெளியே வந்துவிடும். பிதுங்கும் பேஸ்ட் உள்ளே உடைந்துபோய் ரேடியேட்டரை அடைக்கும். இன்ஜின் பக்க அலுமினிய முகத்தைச் சுத்தமாகத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. தெர்மோஸ்டாட்டில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம் போதும், வீரம் காட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். அப்புறம் கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறின பிறகு அளவு பார்த்து மிச்சத்தை ஊற்ற வேண்டும். சூட்டோடு மூடியைத் திறக்கிற வேலை வேண்டாம்.

இன்று காலை தரை காய்ந்திருந்தது.

நண்பர் ஒருவர் இதே மாடலில் பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா என்று கேட்டார். நான் சொன்ன நல்லதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வாங்கு என்றுதான் வரும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கீழ் போல்ட்டை அந்த இடத்தில் வைத்தவருக்கு இன்னொரு ஆள் கிடைக்கக் கூடாது. "அப்போ உன் வண்டியைக் கொடு" என்றார். அதெப்படிக் கொடுப்பேன், இப்போதுதானே சரி செய்திருக்கிறேன்?