கட்டிலுக்கு வாங்கிய மேசை: இரண்டரை வருட அனுபவம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு தப்பித்தது; கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். வீட்டுக்கு அழைத்து வந்த வாரமே, கட்டிலின் குறுக்கே தள்ளி வைத்துக்கொள்ளும் சக்கர மேசை ஒன்றை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். இரும்புக் கால், பிளைவுட் பலகை, உயரத்தை ஏற்றி இறக்க ஒரு திருகு. இன்றுவரை மூன்று வேளையும் அதில்தான் சாப்பாடு.

ஆனால் கட்டிலில் அல்ல. எங்களுடையது அடியில் இழுப்பறை வைத்த கட்டில். மேசையின் கால் உள்ளே நுழைய இடமே இல்லை. வாங்குமுன் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. சரி என்று பக்கவாட்டில் நிறுத்தி, தலையணை முட்டுக்கொடுத்து ஊட்டினோம். பத்து நிமிஷத்தில் அப்பா சரிந்துவிடுவார், உடனே புரையேறும். விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த தெரபிஸ்ட் அம்மா பார்த்துவிட்டு, "முதலில் இவரைக் கட்டிலை விட்டு இறக்குங்கள்" என்றார்.

கை வைத்த மர நாற்காலிக்கு மாற்றினோம். முதுகு நேராக, மோவாய் சற்றுத் தாழ்ந்து, பாதம் தரையில் படிந்து இருக்க வேண்டும். அப்பாவுக்குக் கால் எட்டவில்லை, பழைய மணைப்பலகையைக் கீழே போட்டோம். மேசைக்கு உண்மையான வேலை வந்தது அப்போதுதான். முழங்கை உயரத்துக்குப் பலகையை இறக்கினேன். அதற்கு மேல் இருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டு சாப்பிடுவார், பாதியில் களைத்துவிடுவார். சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்போம்.

அடுத்த தகராறு கை. "ஏம்மா, பீச்சாங்கையால திங்கச் சொல்றியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். யாராவது ஊட்டினால் அது இன்னும் பெரிய அவமானம். மூன்று நாள் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஸ்பூன் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் செருகிக் கொடுத்தேன். சோற்றைக் கையால் தொடாததால் அது இடது கைக் கணக்கில் வராது என்று அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார்! எவர்சில்வர் தட்டு வழுக்கி ஓடாமல் இருக்க அடியில் ஈரத்துணி. விளிம்பு உயர்ந்த தட்டாக இருந்தால் சோறு ஓரத்தில் முட்டி ஸ்பூனில் ஏறும்.

மூக்கு வைத்த ஃபீடிங் கப் ஒன்றும் வாங்கியிருந்தேன். வீண் செலவு. அதில் குடிக்கத் தலையை அண்ணாக்க வேண்டியிருக்கிறது, தண்ணீரும் மளமளவென்று இறங்கிவிடும். வாயகன்ற டம்ளரே தேவலை. அப்பாவுக்குக் கஞ்சியைவிட வெறும் தண்ணீரில்தான் அதிகம் புரையேறியது. முதல் இரண்டு மாதம் அந்தத் தெரபிஸ்ட் அம்மா சொன்ன அளவில், தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடியைக் கலந்து கொடுத்தோம். "தாகமே அடங்கல" என்று திட்டிக்கொண்டே குடித்தார். ரசம் சாதம் அதைவிட மோசம்: ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்தங்கும். பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்ததுதான் ஒழுங்காக இறங்கியது.

மேசையின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வருடத்தில் திருகு தளர்ந்து பலகை தானாக இறங்க ஆரம்பித்தது; பட்டறையில் 150 ரூபாய்க்குப் புதுத் திருகு போட்டோம். தினம் ஈரத்துணி பட்டுப் பலகையின் ஓரம் உப்பிவிட்டது. சக்கரத்தில் முடி சுற்றிக்கொள்ளும். பெரிய ஆபத்து வேறு: ஒருநாள் அப்பா மேசையில் கையூன்றி எழுந்தார். பூட்டாத சக்கரம் ஓட, அவரும் சாம்பாரும் என் மேல். இப்போது சக்கரத்தைப் பூட்டாமல் தட்டை வைப்பதில்லை, எழுவதற்கு முன் மேசையை முழுதாக விலக்கிவிடுகிறோம்.

மறுபடி வாங்குவேனா? வாங்குவேன், ஆனால் பலகை ஓரத்தில் விளிம்பு கட்டியதாகப் பார்த்து. இதில் மாத்திரை டப்பா உருண்டுகொண்டே இருக்கிறது. அப்பாவுக்கோ இது இப்போது ஆபீஸ் மேசை. செய்தித்தாள், கண்ணாடி, ரேடியோ எல்லாம் அதன் மேல்தான். சாப்பாட்டு நேரத்தில் எதையும் எடுக்க விடுவதில்லை, தட்டுக்கு மட்டும் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தருவார்.