பட்டாயாவில் ஜெட் ஸ்கீ ஓட்டப் போகிறீர்களா? அதற்கு முன் என் 18,000 பாத் கதையைக் கேளுங்கள்

தாய்லாந்தின் பட்டாயா போய்வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் இன்னும் முழுக் கணக்கைச் சொல்லவில்லை. அரை மணி நேரம் கடலில் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் பைக் மாதிரி வண்டி) ஓட்டியதற்கு 18,000 பாத், நம் காசில் ஏறக்குறைய 45,000 ரூபாய் அழுதுவிட்டு வந்திருக்கிறேன். விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்தே எனக்கு அவ்வளவு ஆகவில்லை.

நாங்கள் நான்கு பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். முதல் நாள் நன்றாகவே போனது. பாலி ஹாய் படகுத்துறையில் 30 பாத் கொடுத்து ஏறினால் முக்கால் மணி நேரத்தில் கோ லார்ன் தீவு. நம்மூர் டூர்க்காரர்கள் ‘கோரல் ஐலண்ட்’ என்று விற்பது இதைத்தான். அவர்களுடன் போனால் ஸ்பீடு போட்டில் ஏற்றி, நடுக்கடலில் பாராசெயிலிங் மேடையில் இறக்கிவிட்டு, பறக்க ஒரு காசு, கடலுக்கடியில் நடக்க ஒரு காசு என்று கறந்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதனால் நாங்களாகவே போய், நன்றாகக் குளித்து, சிக்கனமாகத் திரும்பி வந்தோம். நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்புதான் மறுநாள் என் காலை வாரியது.

மறுநாள் மாலை நான்கு மணி இருக்கும், பீச் ரோட்டை ஒட்டிய கடற்கரை. ஒரு பையன் சிரித்த முகத்தோடு வந்தான். அரை மணிக்கு 1,000 பாத் என்றான். சரி என்றோம். “டெபாசிட், பாஸ்போர்ட்” என்றான். சாதாரணமாகப் பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில்தான் வைத்திருப்பேன். அன்று பணம் மாற்றப் போயிருந்தேன். அங்கே காசு மாற்றும் கடையில் பாஸ்போர்ட் கேட்பார்கள் என்பதால் அது என் இடுப்புப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். இவ்வளவுதான் நான் செய்த தப்பு. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்கள் வேலை.

இருபத்தைந்து நிமிடத்தில் கரையிலிருந்து கையசைத்துக் கூப்பிட்டான். வண்டியை மணலில் இழுத்துப் போட்டதும், எங்கிருந்தோ நான்கு பேர் வந்து அதைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். ஒருவன் குந்தி உட்கார்ந்து, மாட்டின் வயிற்றைத் தடவுகிற மாதிரி அடிப்பாகத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனான். ஓர் இடத்தில் கை நின்றது. முன்பக்கம், வலது ஓரம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல்.

நானும் குனிந்து பார்த்தேன். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. உள்ளே மணல் இறுகிப் போய், நகத்தால் சுரண்டியும் வரவில்லை. ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இப்போது விழுந்த விரிசல் வெள்ளை வெளேரென்று நார் நாராகத் தெரியும். இது பழைய காயம். சொன்னேன். அவன் கேட்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு விலைப்பட்டியலை எடுத்து நீட்டினான். அடிப்பாகத்துக்கு இவ்வளவு, பெயின்ட்டுக்கு இவ்வளவு, வண்டி ஓடாத நாட்களுக்கு வாடகை இவ்வளவு. மொத்தம் 60,000 பாத். பட்டியல் லேமினேட் செய்யப்பட்டிருந்தது. என்றைக்கோ தற்செயலாக நடக்கும் விபத்துக்கு யாராவது லேமினேட் செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா?

குரல் ஏறியது, கூட்டம் சேர்ந்தது. அப்போதுதான் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்தார். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் இந்தி. எங்கள் பக்கம் நின்று அந்தப் பையனைத் தாய்லாந்து மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 60,000 என்பது 40,000 ஆனது, 25,000 ஆனது. “போலீஸ் வந்தா கேஸு, கோர்ட்டு, உங்க ஃப்ளைட் போயிடும் பாய்” என்று என் தோளைத் தட்டினார். கடைசியில் 18,000. அவரே ஏடிஎம் வரைக்கும் கூட வந்தார். எடுத்ததற்கு 220 பாத் கட்டணம் தனி. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் நான் அவருக்கு நன்றி வேறு சொன்னேன். எல்லாரும் ஒரே கூட்டாளிகள் என்று புரிய எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஒன்று சொல்ல வேண்டும். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸுக்கு 1155 என்று ஓர் எண் இருக்கிறது, இருபத்துநான்கு மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். என் போனில் அந்த எண் சேமித்தே இருந்தது. பாஸ்போர்ட் அவன் கையில் இருக்கும்போது நாக்கு உலர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

அன்று இரவு வாக்கிங் ஸ்ட்ரீட் போகத் திட்டமிட்டிருந்தோம். எனக்கு மனசே இல்லை, நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். மாலையானால் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்களை மட்டும் நடக்கவிடும் தெரு அது. 2023 டிசம்பரிலிருந்து பட்டாயாவில் உரிமம் பெற்ற கேளிக்கை விடுதிகள் விடிகாலை நான்கு மணி வரை திறந்திருக்க அனுமதி உண்டு. அங்கேயும் கவனமாக இருங்கள். பல பார்களில் நாம் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டை அச்சடித்து, மேஜையிலுள்ள சின்னக் குவளையில் செருகுவார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல முறைதான், நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் ஏழு வாங்கியதற்குக் குவளையில் பத்துச் சீட்டு இருந்தது. எடுத்து விரித்துக் காட்டியதும் பரிமாறிய பெண் முகம் மாறாமல் மூன்றைக் கிழித்துப் போட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. ஒருவேளை தவறாகவே நடந்திருக்கலாம். தெருவில் அட்டையைக் காட்டி மாடிக்குக் கூப்பிடுகிறவர்கள் பின்னால் மட்டும் போகாதீர்கள், கீழே சொன்ன விலை மேலே இருக்காது.

அந்த பாரில் உட்கார்ந்துதான் நண்பன் அன்றைய படங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். “டேய், இதைப் பாருடா” என்றான். ஜெட் ஸ்கீயைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன், அது தள்ளுவண்டி மேல் இருந்தபோது, அதில் சாய்ந்துகொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி எடுத்த படம். அவன் முழங்காலுக்குப் பின்னால் அதே கீறல். பாதி தெரிகிறது, மீதியில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. தண்ணீரில் ஓட்டினால் அது எங்கே நிற்கும்?

மறுநாள் காலை படத்தோடு சுற்றுலாப் போலீஸிடம் போனோம். மரியாதையாகத்தான் பேசினார்கள், எழுதியும் வாங்கினார்கள். ரசீது இருக்கிறதா? இல்லை. அவன் பெயர்? தெரியாது. வண்டி எண்? படத்தில் விழவில்லை. கடற்கரையில் போய்ப் பார்த்தால் அந்தப் பையனும் இல்லை, தொப்பிக்காரரும் இல்லை. “பணம் கொடுப்பதற்கு முன் அங்கிருந்தே கூப்பிட்டிருக்க வேண்டும்” என்றார் அந்த அதிகாரி. என் பயணக் காப்பீட்டிலும் வாடகை வண்டிச் சேதத்துக்கு இடமில்லை. பாலிசித் தாளை ஊருக்கு வந்துதான் முழுதாகப் படித்தேன்.

ஜெட் ஸ்கீயே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஓட்டிய அந்த இருபத்தைந்து நிமிடமும் அருமை. எடுப்பதானால் டெபாசிட்டைப் பணமாகக் கொடுங்கள், பாஸ்போர்ட்டின் நகலைக் காட்டுங்கள். அசல் கேட்டால் நடையைக் கட்டுங்கள். தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், வாடகைக்கு விடுபவனும் வண்டி எண்ணும் அதில் விழட்டும். அடிப்பாகத்தை விட்டுவிடாதீர்கள். வாடகை பைக்குக்கும் இதே கதைதான்.

கிளம்பும் நாள் மாலை கடைசியாக ஒரு நடை போனேன். வேறு பையன், வேறு வண்டி. தமிழில் பேசிக்கொண்டு ஒரு புதுமணத் தம்பதி நின்றிருந்தார்கள். கையில் பாஸ்போர்ட். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“போட்டோ எல்லாம் எடுத்துட்டோம்ணே” என்றார் அவர்.

“அடியில எடுத்தீங்களா தம்பி?”

அவர் திரும்பி, கொஞ்சம் சாய்த்துக் காட்டச் சொல்லி அந்தப் பையனிடம் கேட்டார். “நோ, நோ. வெரி ஹெவி” என்று அவன் தலையாட்டினான். முந்தின முந்தின நாள் எங்கள் வண்டியை நான்கு பேர் ஒரு நொடியில் புரட்டிப் போட்டது நினைவுக்கு வந்தது. அந்தப் பெண் பாஸ்போர்ட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.