கல்யாண டிவிடி பார்க்க ஒரு பிளேயர்: அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது எவ்வளவு உண்மை?

கோபியில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் புதிதாக எடுப்பதை விட, பழைய டிவிடியைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் வேலைதான் அதிகம் வருகிறது. "ஏனுங்க, எங்க கல்யாண டிஸ்க் ஓடவே மாட்டேங்குதுங்க" என்று மஞ்சப்பையோடு வருகிறவர்களுக்கு, கண் முன்னால் ஓட்டிக் காட்டக் கடையில் ஒரு பிளேயர் தேவைப்பட்டது. ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ரூ.2,800க்கு ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருகிற பல பெட்டிகளுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

அட்டையில் இருப்பதிலேயே பெரிய எழுத்து '1080பி அப்ஸ்கேலிங்'. கடைத் தம்பியும் அதையே பிடித்துக்கொண்டார்: "எச்.டி. மாதிரியே தெரியுமுங்ணா." தெரியாது. நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) முறையில் எழுதின டிவிடியில் இருப்பது 720க்கு 576 பிக்சல், அதாவது படப் புள்ளி. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறை என்றால் 720க்கு 480. அதை இழுத்துப் பெரிய திரைக்கு நிரப்புவதுதான் அப்ஸ்கேலிங்; டிஸ்க்கில் இல்லாத மூக்குத்திக் கல்லை அது எங்கிருந்து கொண்டுவரும்? இதே வேலையை எச்.டி. டிவியும் தானாகச் செய்கிறது. இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தேன். பிளேயரை 576இல் விட்டு, மிச்சத்தை டிவி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டபோதுதான் முகங்கள் நன்றாக இருந்தன. இந்த வார்த்தைக்காகப் பத்து ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'புரோகிரசிவ் ஸ்கேன்' என்று இருந்தது. காசு அதற்குத்தான் தகும். அந்தக் காலத்துக் கல்யாண கேமரா நொடிக்கு 50 தடவை பாதிப் பாதிப் படமாக எடுத்தது. ஒரு தடவை ஒற்றை வரிகள், அடுத்த தடவை இரட்டை வரிகள். குண்டு டிவி அப்படியே மாற்றி மாற்றிக் காட்டிவிடும். எல்.இ.டி. டிவிக்கு இரண்டு பாதியையும் சேர்த்து முழுப் படமாகக் கொடுத்தாக வேண்டும்; அந்த வேலைதான் புரோகிரசிவ் ஸ்கேன். சரியாகச் சேரவில்லை என்றால், அசைகிற பொருளின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிரியும். என் சோதனை டிஸ்க்கில், மாப்பிள்ளையோடு அவர் சகோதரியை வைத்துச் செய்கிற எங்கள் கொங்குச் சடங்கான இணைச்சீர் இருக்கிறது. மாப்பிள்ளையின் அக்கா அசையாமல் நிற்கும்போது பட்டுச்சேலைக் கரை அப்படியே நின்றது, ஜரிகை மினுக்கிக் குதிக்கவில்லை. சடங்கை நடத்தி வைக்கிற அருமைக்காரர் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கிற இடத்தில் மட்டும் விரல் ஓரத்தில் கொஞ்சம் பல் தெரிந்தது. இந்த விலைக்கு இது நல்ல மார்க்.

ஆனால் மஞ்சள் பின்னில் மாட்டினால் இதெல்லாம் வீண். கலர், வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே ஒயரில் கலந்து போகிறது. கூறைச்சேலையின் சிவப்பு பக்கத்தில் நிற்பவர் வேட்டி வரைக்கும் கசியும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின் வைத்த காம்பொனென்ட் இதில் இல்லை. எச்.டி.எம்.ஐ. இருக்கிறது, படமும் சத்தமும் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று, திரை அளவு. பழைய கல்யாணங்கள் 4:3 அளவில் எடுத்தவை. 16:9 டிவியில் முழுத் திரைக்கு இழுத்தால் எல்லாரும் அகலமாகிவிடுவார்கள். ஒரு அம்மணி என் கடையில் தன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, "அப்பவே இத்தனை குண்டாவா இருந்தேன்?" என்று கோபித்துக்கொண்டார். மெனுவில் அளவை மாற்றி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டினதும்தான் சமாதானமானார். பிளேயர், டிவி இரண்டிலும் இந்த செட்டிங் உண்டு, இரண்டையும் பாருங்கள்.

சத்தத்துக்கு வருவோம். கல்யாண டிஸ்க்கில் பெரும்பாலும் இரண்டே சேனல்தான். மங்கல வாழ்த்துப் பாட்டு இந்தப் பெட்டியில் கரகரப்பு இல்லாமல் வந்தது. வம்பெல்லாம் சினிமா டிஸ்க்கில்தான். டால்பி டிஜிட்டல் 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், அப்புறம் அடிச்சத்தத்துக்குத் தனியாக ஒன்று. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும். டிவியில் இரண்டே ஸ்பீக்கர் என்பதால் பிளேயர் எல்லாவற்றையும் இரண்டாக மடக்கும். இதற்கு டவுன்மிக்ஸ் என்று பெயர். அப்படி மடக்கும்போது பேச்சு அமுங்கி, சண்டை வந்ததும் வீடே அதிரும். செட்டப்பில் டி.ஆர்.சி. என்று ஒன்று இருக்கும். அதை ஏற்றினால் பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் இடைவெளி குறையும். குழந்தை தூங்குகிற வீட்டில் இதுதான் காப்பாற்றும். இதில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

டால்பி மாதிரியே இன்னொரு சத்த முறையான டி.டி.எஸ். விஷயத்தில்தான் கடுப்பு. அட்டையில் சின்னம் இருக்கிறது, அதன் கீழே 'டிஜிட்டல் அவுட்' என்றும் இருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம், பிளேயர் அதைப் பிரிக்காது, அப்படியே வெளியே தள்ளிவிடும் என்பது. பிரிக்க உங்களிடம் ஆம்ப்ளிஃபையர் இருக்க வேண்டும். டிவியில் நேராக மாட்டி டி.டி.எஸ். டிராக்கைப் போட்டேன்; உதடு அசைகிறது, சத்தமே இல்லை. மெனுவில் டால்பி டிராக்குக்கு மாறி, ஆடியோ செட்டிங்கை 'ரா'விலிருந்து (பிரிக்காமல் தள்ளுவது) 'பி.சி.எம்.'முக்கு (பிரித்துத் தருவது) மாற்றினால் சத்தம் வந்துவிடும். விளக்கப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ரிமோட்டில் 'என்/பி' என்று ஒரு பட்டன் இருக்கும். அது பால், என்.டி.எஸ்.சி. மாற்றுவதற்கு. படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ முதலில் அதை அழுத்துங்கள். பாட்டு ரசிகர்களுக்கு ஒரு விஷயம்: சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், பால் டிஸ்க்கில் அதை 25ஆக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் ஒரு பொடி ஏறும். அது பிளேயரின் கோளாறு இல்லை.

வேறு மண்டலத்து நாடுகளுக்கென்று விற்ற டிஸ்க்கை ஓடவிடாத மண்டலப் பூட்டு இதில் உண்டு. இந்தியா 5ஆம் மண்டலம். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த 1ஆம் மண்டல டிஸ்க்கை வெளியே துப்பிவிட்டது.

கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிப்பதில் என் கம்ப்யூட்டர் டிரைவை விட இது பரவாயில்லை, கொஞ்சம் திணறினாலும் தாண்டிப் போகிறது. வீட்டில் எழுதின டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் இருப்பது சாயம். வெயில் பட்டால் வெளுத்துவிடும். அப்படி வெளுத்ததை எந்தப் பிளேயரும் மீட்டுத் தராது. வாங்கப் போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே மோசமான டிஸ்க்கையும், டி.டி.எஸ். உள்ள ஒரு சினிமா டிஸ்க்கையும் எடுத்துப் போய் அங்கேயே போட்டுப் பாருங்கள். பெட்டிக்குள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்தான் வைத்திருக்கிறார்கள். எச்.டி.எம்.ஐ. ஒயருக்குத் தனியாக இருநூறு ரூபாய் எடுத்து வையுங்கள்.