“டூரிஸ்ட் என்று மட்டும் சொல்லுங்கள்” என்று ஏஜென்ட் சொன்னால்

மலேசியா, சிங்கப்பூர் கிறிஸ்தவ சபைகளில் பாடுவதற்குப் புறப்படும் குழுக்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். போன ஆகஸ்டில் எங்கள் குழுவில் ஒன்பது பேரும் சிங்கப்பூர் எல்லையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டோம். எங்களிடம் பணம் வாங்கியவர் இப்போது டிசம்பர் கூட்டங்களுக்கு வேறு கொயர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். பாடுகிறவர்கள் ஐந்து பேர், கீபோர்டு, கிட்டார், தபலா வாசிக்க மூன்று பேர், கூட ஒரு போதகர். எங்களை அனுப்பிய ஏஜென்ட் தன்னை ஊழியக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆளுக்கு 42,000 ரூபாய் கேட்டார். அதில் 14,000 “பெர்மிட் சார்ஜ்” என்று தனியாகவே எழுதிக் கொடுத்தார். ஒன்பது பேருக்கு 1,26,000 ரூபாய். சபையில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த காணிக்கையும் அதில் இருந்தது. பெர்மிட் காகிதத்தைக் காட்டுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். “அது ஆன்லைன்ல இருக்கு சிஸ்டர், அங்க போனா அவங்களே பாத்துக்குவாங்க” என்றார். ஊழியக்காரர் பொய் சொல்வாரா என்று நானும் விட்டுவிட்டேன்.

மலேசியாவுக்குள் போவதில் சிக்கல் வரவில்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு அங்கே 30 நாள் வரை விசா தேவையில்லை. கோலாலம்பூரில் இரண்டு சபைகளில் பாடினோம். ஆனால் அந்தச் சலுகை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குத்தான். வெளிநாட்டுக் கலைஞர்கள் மேடையேற அங்கே புஸ்பால் என்ற அமைப்பின் வழியாக, உள்ளூர் ஏற்பாட்டாளர் அனுமதி வாங்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகுதான் இது தெரிந்தது. எங்களை அழைத்த சபையாருக்கும் இதனால் தொல்லை வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது இன்னும் மனசு பதறுகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஜொகூர் பாருவிலிருந்து பஸ். மலேசிய எல்லைச் சாவடியில் இறங்கி வெளியேறும் முத்திரை வாங்கி, பாலத்தைக் கடந்து, சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸில் மறுபடி எல்லா மூட்டையோடும் இறங்க வேண்டும். பஸ் ஏறும் முன் அந்த ஆள் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பினார்: “யார் கேட்டாலும் டூரிஸ்ட்னு மட்டும் சொல்லுங்க. பாட்டு, சர்ச், எதையும் வாயில எடுக்காதீங்க.” எங்கள் குழுவில் இளையவளுக்குப் பத்தொன்பது வயது, அதுதான் அவளுடைய முதல் வெளிநாட்டுப் பயணம். “அக்கா, நான் பொய் சொல்லணுமா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு அங்கேயே நாங்கள் எல்லோரும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

கீபோர்டு பெட்டியும் தபலாவும் ஸ்கேனரில் போனதும் தனியே அழைத்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். சிலர் டூரிஸ்ட் என்றார்கள், அவள் உண்மையைச் சொன்னாள். ஒரு போனில் சனிக்கிழமைக் கூட்டத்தின் போஸ்டர் எங்கள் படங்களோடு இருந்தது. நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதிகாரிகள் ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லையில் இருக்கும் அதிகாரியின் முடிவு என்று விளக்கி, அனுமதி மறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மலேசியாவின் வருகைப் பதிவை மறுபடி போனில் நிரப்பி, பழைய வாசல் வழியாகவே திரும்பினோம். சாங்கியிலிருந்து திருச்சிக்கு எடுத்திருந்த டிக்கெட் வீணானது. கோலாலம்பூரிலிருந்து கடன் வாங்கி வேறு டிக்கெட் போட்டோம். சிங்கப்பூரில் எங்களுக்காகச் சமைத்து வைத்திருந்த சபையாரிடம் போதகர் ஐயா போனில் பேசும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

அப்புறம்தான் விசாரித்தேன். சிங்கப்பூரில் மதம் சார்ந்து பேச வரும் வெளிநாட்டுப் போதகருக்கு மனிதவள அமைச்சின் தனி வேலை அனுமதி வேண்டும், அதிகபட்சம் 60 நாளுக்குத் தருவார்கள். அதற்கு அங்கே பதிவான அமைப்புதான் விண்ணப்பிக்க முடியும். பாடுகிறவர்களுக்கு என்ன அனுமதி என்பது இடத்தையும் நிகழ்ச்சியையும் பொறுத்தது, அதையும் அழைக்கும் சபைதான் அமைச்சிடம் கேட்க வேண்டும். நம்மூர் ஏஜென்ட் விண்ணப்பிக்கவே வழியில்லாத ஒன்றுக்கு எங்களிடம் ஆளுக்கு 14,000 வாங்கியிருக்கிறார். அங்குள்ள சபையாரிடம் அவர் சொன்னது, “இந்தியாவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது” என்று. இரண்டு பக்கமும் நேராகப் பேசிக்கொள்ளாதபடி நடுவில் அவரே நின்றுகொண்டார்.

வாத்தியங்கள் கொண்டுபோகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் கருவிகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது கீபோர்டை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். எங்களிடம் நாகர்கோவில் கடை பில் இருந்ததால் விட்டார்கள். உடும்புத் தோல் கஞ்சிராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம், அது தனி வழக்காகிவிடும்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் அனுப்பிய ரசீதும் அந்தக் குரல் செய்தியும் கையில் இருக்கின்றன. இதுவரை 40,000 திருப்பித் தந்திருக்கிறார். டிசம்பருக்கு நீங்கள் ஏற்கெனவே யாரிடமாவது பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே உங்களை அழைத்த சபையின் போதகரிடம் நேராகப் பேசுங்கள். எந்தப் பெயரில், எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டு, விண்ணப்ப எண்ணை அவர் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள். எண் வரவில்லை என்றால் பஸ் ஏறாதீர்கள்.