தட்டட்டியில் ஓடும் ஏசி டக்டும் அதன் இன்சுலேஷனும்: சில வருஷ அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு 2019 கடைசியில் டக்ட் ஏசி போட்டோம். மெஷின் ஒன்றுதான். ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் தகர டக்ட், அதாவது சதுரமான காற்றுக்குழாய் வழியாகக் குளிர்காற்று போகும். டக்டில் கொஞ்ச தூரம் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) திறந்த வெயிலில் ஓடுகிறது, மீதி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கம்பெனி, எத்தனை டன் என்று கேட்பார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் மெஷின் என்னைப் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் வெப்பம் உள்ளே இறங்காமல் டக்டைச் சுற்றியிருக்கும் இன்சுலேஷன்தான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்ம ஊர் ஈரத்துக்கு நைட்ரைல் என்னும் கறுப்பு நுரை ரப்பர் ஷீட் நல்ல சரக்கு, ஆனால் அதன் இணைப்புகளைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் வீண்.

எஸ்டிமேட்டிலேயே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கோளாறும் அங்கேதான் ஆரம்பித்தது. காண்ட்ராக்டர் தகரத்துக்கு எழுதிய அதே சதுர மீட்டரை இன்சுலேஷனுக்கும் எழுதியிருந்தார். ஷீட் தகரத்துக்கு வெளியே ஒட்டுவது; சுற்றளவு கூடத்தானே செய்யும்? சீலிங்குக்கு மேலே போகும் பெரிய டக்ட் 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம். சுற்றளவு 60 அங்குலம். 19 மில்லிமீட்டர் ஷீட், அதாவது முக்கால் அங்குலம். மேல் துண்டும் கீழ்த் துண்டும் பக்கத் துண்டுகளின் விளிம்பை மூட வேண்டும் என்பதால் மூன்று அங்குலம் கூடி 63 ஆகிறது. அடிக்கணக்கில் ஐந்தேகால். 30 அடி நீளத்துக்கு 157½ சதுர அடி. அதிலிருந்து பிரியும் 14-க்கு 10 டக்டுக்கு இதே முறையில் சுற்றளவு நாலேகால் அடி, 20 அடிக்கு 85 சதுர அடி. ஆக 242½. வளைவுகளுக்கும், டக்ட் துண்டுகள் சேரும் இடத்தில் துருத்தி நிற்கும் ஃபிளெஞ்சு விளிம்புகளுக்கும், வெட்டுக்கழிவுக்கும் நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் ஏறக்குறைய 279 சதுர அடி, அதாவது 26 சதுர மீட்டர். வெறும் தகரக் கணக்கில் வருவது 21½ தான்.

இந்த நாலரை சதுர மீட்டர் வித்தியாசம் காசு விஷயம் மட்டுமில்லை. சரக்கு பத்தாமல் போனால் வேலையாட்கள் ஷீட்டை இழுத்து ஒட்டுவார்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் நாளடைவில் சுருங்கும். சுருங்கினால் இணைப்பு வாயைத் திறக்கும். எங்கள் வீட்டில் பெரிய படுக்கையறைக்கு மேலே நடந்தது இதுதான்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும்? டக்டுக்குள் 14 டிகிரியில் காற்று ஓடுகிறது. வெளியே 32 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 23 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் வியர்க்கும். அது சாதாரண நாள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் 28 டிகிரி, 85 சதவீதம் என்றால் அந்தக் கோடு 25-க்கு ஏறிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 13 மில்லிமீட்டர் ஷீட் கோடையில் தப்பித்துவிடும், மழையில் அதன் மேல்தோல் 24½-க்கு இறங்கி வியர்க்கும். 19 மட்டுமட்டாகத் தாங்கும். காண்ட்ராக்டர் முதலில் சொன்னது 13. நம்ம ஊரில் வெயிலைத்தான் எல்லோரும் எதிரியாக நினைக்கிறோம். சீலிங்குக்கு மேலே எதிரி மழைக்காலம்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் போனில், 'அத்தான், இங்கெல்லாம் பரணில் ஓடுற டக்டுக்கு ஆர்-8 போடணும்னு விதியே இருக்கு' என்றான். ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு. நம்ம 25 மில்லிமீட்டர் நைட்ரைல் ஏறக்குறைய ஆர்-4 வரும். பனிக்காலத்தில் அதே டக்டில் சூடான காற்று போகிற ஊர் அது. சூடான டக்ட் வெளியே வியர்க்காது. அவன் எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து பயமுறுத்திக்கொள்ள வேண்டாம். நமக்கு ஈரம் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்க்கும். வெளித்தோல் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும்.

இன்சுலேஷன் ஒட்டுமுன் தகர இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளோயரை மட்டும் ஓடவிட்டு ஊதுபத்தியை இணைப்பருகே காட்டினால் புகை ஆடும். அங்கே இடுக்கை அடைக்கும் சீலன்ட் பூச வேண்டும். புதுத் தகரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும், அதைத் துடைக்காமல் ஒட்டினால் ஆறே மாதத்தில் உரியும். பசையை ஷீட்டிலும் தகரத்திலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அமுக்க வேண்டும். வெட்டு விளிம்புகளுக்கும் பசை உண்டு, வெறும் டேப் போதாது. அப்புறம் டக்டைத் தாங்கும் இரும்பு ஆங்கிள் சட்டம். அது தகரத்தை நேராகத் தொட்டால் அந்த இரும்பே வியர்க்கும். நடுவில் கெட்டியான கட்டை வைத்து அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். இதைச் சொன்னபோது வேலை பார்த்த தம்பி, 'அண்ணாச்சி, அது உள்ளதான கெடக்கு, யாரு பாக்கப்போறா' என்றான். இரண்டாவது மழைக்காலத்தில் ஜிப்சம் போர்டில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம் விழுந்தபோது எல்லோரும் பார்த்தோம். கறை சரியாக ஆங்கிளுக்குக் கீழே.

தட்டட்டிப் பகுதி தனிக் கதை. அங்கே 25 மில்லிமீட்டர் போட்டோம். 150 சதுர அடித் தகரம் ஒன்றுமே சுற்றாமல் 40 டிகிரி வெயிலில் கிடந்தால் உள்ளே இறங்கும் வெப்பத்தைத் தள்ளுவதற்கே ஏசியின் திறனில் அரை டன்னுக்கு மேல் போய்விடும். அதனால் வெளியே தடிமன் அவசியம். ஆனால் கறுப்பு ரப்பரை வெயிலில் அப்படியே விடக்கூடாது. முதல் கோடை கத்திரி முடியும்போது மேல்தோல் காய்ந்த களிமண் மாதிரி வெடிக்க ஆரம்பித்தது. கிளாஸ் கிளாத் என்னும் கண்ணாடி நார்த் துணியைச் சுற்றி வெள்ளைப் பூச்சு அடித்தோம். வெயிலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது, அணிலுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓரத்தில் ஒரு கிழிசல் கிடைத்ததும் ரப்பரைப் பிய்த்து வேப்பமரத்தில் கூடு கட்டிவிட்டது. கடைசியில் அலுமினியத் தகடு சுற்றினோம். செலவு இன்சுலேஷன் செலவுக்குச் சமமாக வந்தது. மனசு வலித்தது, ஆனாலும் இத்தனை செலவிலும் ஒரு முறைகூட நான் நொந்துகொள்ளாத செலவு அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 மழை தகட்டுக்குப் பரீட்சை வைத்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்த மழை அது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தகட்டின் இணைப்பு இரண்டு இடங்களில் மேல்பக்கம் இருந்தது, அங்கே தண்ணீர் உள்ளே போனது. நைட்ரைல் மூடிய நுண்ணறைகள் கொண்டது என்பதால் ஊறவில்லை. தகட்டைக் கழற்றித் துடைத்து, இணைப்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியதோடு வேலை முடிந்தது. மெஷினிலிருந்து முதல் வளைவு வரை காண்ட்ராக்டர் கைச்சரக்காக வைத்திருந்த கிளாஸ் வூலை (கண்ணாடி நார்ப் பஞ்சை) சுற்றியிருந்தார். அது அப்படித் தப்பவில்லை. அலுமினிய ஃபாயிலில் இருந்த கிழிசல் வழியாகத் தண்ணீர் குடித்து, கனத்துத் தொங்கிவிட்டது. கிளாஸ் வூல் தீப்பிடிக்காது, விலையும் குறைவு, ஃபாயில் கிழியாத வரை நன்றாகவே உழைக்கும். தட்டட்டியில் யார் அந்த உத்தரவாதம் தருவது?

இத்தனை வேலைக்கும் பிறகு கரண்ட் பில் குறைந்ததா என்றால், குறைந்தது. ஆனால் அதே சமயம் ஜன்னல் திரையையும் மாற்றினோம், எனவே எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். கடைசி அறை கிரில்லில் காற்று முன்பைவிடக் குளிர்ச்சியாக வருகிறது என்பது மட்டும் கைவைத்தாலே தெரிகிறது. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசியே அதிகம் தேவைப்படாது. டேப் உரிந்த இடம், பசை விட்ட இடம் எல்லாம் அப்போதுதான் பார்த்து ஒட்டவைக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால் ஈரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. கிளாஸ் வூல் இருந்த வளைவுக்கு நைட்ரைல் மாற்றியாகிவிட்டது. பெரிய படுக்கையறைக்கு மேலே இழுத்து ஒட்டிய பகுதிக்கு இப்போதைக்கு ஒட்டுத்துண்டுதான். அடுத்த முறை பெயின்ட் அடிக்கச் சீலிங்கைத் திறக்கும்போது முழுசாக உரித்து மாற்ற வேண்டும்.