பஞ்சுத் தரப் பரிசோதனை: என் மதிப்புரை

விற்கப் போகும்போது "பஞ்சு சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் விலையைக் குறைப்பார்கள். எதில் சரியில்லை என்றால் பதில் வராது. அதனால் இந்தப் பருவத்தில் என் பஞ்சை ஹெச்.வி.ஐ. பரிசோதனைக்குக் கொடுத்தேன், அதாவது இழையின் தரத்தை எண்களாக அளந்து சொல்லும் இயந்திரச் சோதனைக்கு.

ஒரே ரகம்தான். ஆனால் முன்பட்டம், பின்பட்டம், பொட்டாஷ் கூடுதலாகப் போட்ட பாத்தி, யூரியாவைத் தாமதமாக அள்ளிப் போட்ட பாத்தி என்று மாதிரிகளைத் தனித்தனியே கட்டி அனுப்பினேன். எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால் சராசரிதான் கிடைக்கும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அறிக்கையில் நீளம், சீர்மை, வலிமை, நிறம், மைக்ரோனேர் (இழையின் மெலிவையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் எண்) எல்லாம் இருந்தன. வலிமையில் பாத்திக்குப் பாத்தி பெரிய வித்தியாசமில்லை. அது பெரும்பாலும் ரகத்தின் குணம். ஆட்டம் கண்டது மைக்ரோனேர்தான். முன்பட்டத்தில் 4-ஐ ஒட்டி இருந்தது, பின்பட்டத்தில் 3.5-க்குக் கீழே போய்விட்டது. காரணம் புரிகிறது. பூத்த பிறகு முதல் மூன்று வாரம் இழை நீள்கிறது, அப்புறம்தான் உள்ளே செல்லுலோஸ் படிந்து சுவர் தடிக்கிறது. தாமதமாக விதைத்தால் அந்தத் தடிக்கும் காலம் குளிர்ந்த இரவுகளில் மாட்டிக்கொள்ளும், படிவு மந்தமாகும். அப்படி முதிராத இழை சாயத்தைச் சரியாகப் பிடிக்காது, நூலில் முடிச்சும் விழும். ரொம்ப வெயிலில் காய் முதிர்ந்தால் நேர்மாறாக மைக்ரோனேர் ஏறி 4.9-ஐத் தாண்டலாம், அதையும் கரடு என்று ஒதுக்குவார்கள்.

யூரியாப் பாத்தியிலும் பின்பட்டத்தின் கதைதான். செடி பச்சைப் பசேலென்று நின்றது, காய் வெடிப்பு தள்ளிப்போனது, பஞ்சில் இலைத் தூசும் அதிகம். பொட்டாஷ் பாத்தியில் நீளம் கொஞ்சம் கூடியிருந்தது. நீளும் இழை, காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி உள்ளழுத்தத்தோடு விறைப்பாக இருக்கவேண்டும், அதற்குப் பொட்டாஷ் எனும் சாம்பல்சத்து தேவை. ஆனால் என் மண்ணில் அது குறைவு என்று மண் பரிசோதனை முன்பே சொல்லியிருந்தது. ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் மண்ணில் இன்னும் கொட்டினால் இழைக்குக் கூடுதல் பலன் எதுவும் இருக்காது.

இனி குறை. மைக்ரோனேர் என்பது பஞ்சு வழியே காற்று எவ்வளவு சுலபமாகப் போகிறது என்ற அளவு. இழை இயல்பிலேயே மெலிதா, முதிராமல் மெலிந்ததா என்று அது பிரித்துச் சொல்லாது. முதிர்ச்சியைத் தனியே அளக்கக் கேட்டேன், அந்த வசதி இல்லை என்றார்கள். எண்களுக்கு விளக்கமாக ஒரு வரிகூடக் கிடையாது, அறிக்கையும் தாமதம். ஆனால் மாதிரியை 21 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பதப்படுத்தியே சோதித்தார்கள். அந்த ஒழுங்கு பிடித்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அனுப்புகிறவர்கள் முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் தனித்தனிப் பையில் போட்டு, விதைத்த தேதியை மேலே எழுதி அனுப்புங்கள்.