யாழ்ப்பாணத்து மாட்டு விலாவும் என் புகைப் பரலும்: மூன்று வருடப் பயன்பாடு

2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்து ஊரெல்லாம் விறகடுப்புக்குத் திரும்பியிருந்த நேரத்தில்தான் மாட்டு விலாவைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் இந்தப் பரலைச் செய்வித்தேன். 200 லீற்றர் இரும்புப் பரல், முன்பு தேங்காய் எண்ணெய் இருந்தது. உள்ளே பெரிய நெருப்பு மூட்டி, பூச்செல்லாம் எரிந்து உதிரும்வரை விட்டு, தேய்த்துக் கழுவினேன். அடியில் மூன்று காற்றுத் துளை, அவற்றை மூடித் திறக்கத் தகடு, உள்ளே கரிக்கூடை, அதற்கு மேலே தண்ணீர்த் தட்டம், அப்புறம் இறைச்சி வைக்கும் கம்பித்தட்டு. வெல்டிங் கடையில் கம்பித்தட்டுக்கு நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியை எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாகம் சூடேறி வரும் புகை உடம்புக்குக் கூடாது. இதில் மட்டும் யாரும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

விலா வாங்குவதுதான் முதல் சிக்கல். எங்கள் கடைகளில் விலா எலும்பு என்றால் கறிக்குத்தான். கேட்ட கையோடு கத்தி இறங்கி, துண்டு துண்டாகப் பையில் விழுந்துவிடும். நான் முதல்நாளே போய்ச் சொல்லிவைப்பேன். "அண்ணை, கொத்தாமல் நாலு எலும்பு சேர்த்து ஒரே பாளமாகத் தாங்கோ." முதல் தடவை அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "முழுசாக் கொண்டுபோய் என்ன செய்யப்போறியள் தம்பி?" இப்போது அவரே எனக்காகக் கொழுப்புப் பிடித்த பக்கத்தை ஒதுக்கி வைக்கிறார். போயா (பௌர்ணமி) நாளில் கடை பூட்டு என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். இங்கே விற்பது அன்று காலை அறுத்த இறைச்சி, அப்படியே வைத்தால் இறுகித்தான் இருக்கும். உப்புத் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்த பிறகே பரலுக்குக் கொண்டுபோகிறேன். அந்த இரண்டு நாள் தரும் மென்மையை வேறு எந்த மசாலாவும் தராது.

இந்த மூன்று வருடத்தில் நான் கற்ற முக்கியமான விஷயம், விலாவைப் புகையில் வேகவைக்க அமெரிக்காவின் டெக்சாஸ்காரர் சொல்லும் கணக்கு எங்கள் மாட்டுக்குச் சரிவராது என்பது. அங்கே தானியம் தின்று கொழுத்த மாடு. விலாவின் மேல் தடித்த இறைச்சி, அதற்குள் கோடு கோடாகக் கொழுப்பு. உப்பும் மிளகும் மட்டும் போட்டு, கருவாலி (ஓக்) விறகில் 120 முதல் 135 பாகை செல்சியஸில் எட்டு மணித்தியாலம் அளவு வைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். எங்கள் மாடு தரவையில் (வெட்டையான புல்வெளியில்) மேய்ந்தது, உடம்பு சிறியது, இறைச்சி மெல்லியது. முதல் நான்கு தடவையும் அவர்கள் சொன்னபடியே செய்து, வெளியே கறுத்து உள்ளே நாராகிப்போன விலாவைத்தான் மேசைக்குக் கொண்டுவந்தேன். நல்ல இறைச்சி வீணாகிறதே என்று உண்மையிலேயே மனம் நொந்தது.

இப்போது செய்வது இப்படி. சூடு 115 முதல் 120 பாகை. தண்ணீர்த் தட்டம் வற்றவே கூடாது. உப்பு, கரகரப்பாக இடித்த மிளகு, கொஞ்சம் உள்ளி, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் போட்டுப் பார்த்தேன். நீண்ட நேரச் சூட்டில் தூள் கருகிக் கசப்பு ஏறுகிறது. இரண்டரை மணித்தியாலம் இறைச்சியை எதிலும் சுற்றாமல் புகை. அதற்குள் மேற்பரப்பு இருண்டு, ஓடு மாதிரிப் பிடித்துவிடும்.

உள்வெப்பம் 65, 70 பாகையை நெருங்கியதும் வெப்பமானி நகராமல் நின்றுவிடும். சில தடவை ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நெருப்புக் குறைந்துவிட்டது என்று கரியை அள்ளிப் போட்டு நான் கெடுத்த நாட்கள் உண்டு. நெருப்பில் ஒரு குறையும் இல்லை. மண்பானையில் தண்ணீர் குளிரும் அதே விஷயம்தான் இது. இறைச்சியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் ஆவி போகாமல் மூடினால் வெப்பம் மறுபடி ஏறும். நான் வாழையிலையை நெருப்பில் வாட்டி, இரண்டு மடிப்பாகச் சுற்றி, அதற்கு மேல் அலுமினியத் தாள் போடுகிறேன். தாள் மட்டும் சுற்றினால் அவித்த இறைச்சியின் குணம் வந்துவிடுகிறது. இலை இருந்தால் மேல் ஓடு அவ்வளவாக நனையாது, மணமும் சேரும். அப்புறம் இன்னும் இரண்டரை, மூன்று மணித்தியாலம். எலும்பைப் பிடித்திருக்கும் சவ்வு கரைந்து பிசுபிசுப்பாக மாற உள்ளே 90 பாகைக்கு மேல் போக வேண்டும். எனக்குப் பெரும்பாலும் 93, 95 இல் சரியாகிறது. ஆனாலும் கடைசித் தீர்ப்பு ஈர்க்குக் குச்சிக்குத்தான். குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். இறக்கி ஒரு மணித்தியாலம் ஆறவிடாமல் வெட்டாதீர்கள்.

கரிக்கு சிரட்டைக்கரியே போதும், சூடு சீராக நிற்கும். மணத்துக்குக் கொய்யாக் கொம்பும் மாங்கொம்பும் வளவிலேயே கிடைக்கின்றன, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வன்னியிலிருந்து வரும் பாலை விறகு கிடைத்தால் விடவே மாட்டேன். கனமான மரம், மெதுவாக எரியும், புகை இதமானது. வேம்பைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள், கசப்பு இறைச்சியில் இறங்கிவிடும். பனை மட்டை பற்றவைக்க மட்டும். எந்த விறகானாலும் புகை மெல்லிய நீலமாக வரும்வரை இறைச்சியை வைக்க வேண்டாம். தடித்த வெள்ளைப் புகை தொண்டையைக் கமறும் சுவையைத்தான் தரும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் துளைக்குள் காற்றுப் புகுந்து சூடு திடீரென்று 150க்கு ஏறிவிடும். ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தினால் அடங்கும். அதைவிடப் பெரிய விஷயம், புகை எந்தப் பக்கம் போகிறது என்பது. நாங்கள் கிறிஸ்தவர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் சைவக் குடும்பம். மாட்டிறைச்சி மணம் அவர்கள் குசினிக்குள் போவது சரியில்லை. அதனால் பரலைக் கிணற்றடிப் பக்கம் மாற்றினேன், வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் தவிர்க்கிறேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் அந்த 25 நாளும் பரலுக்கு ஓய்வு. இது எனக்குக் கஷ்டமாகவே தெரிந்ததில்லை. அவர்கள் வீட்டுப் பொங்கல்தானே முதலில் எங்கள் வீட்டுக்கு வருகிறது.

பரலின் நிலை: கடல் பக்கத்து உப்புக்காற்றில் இரண்டாம் மாரியோடு அடித்தகடு அரித்துவிட்டது, புதிதாக ஒட்ட வேண்டியிருந்தது. சாம்பலை அன்றன்றே அள்ளியிருந்தால் இன்னும் தாங்கியிருக்கும், ஈரச் சாம்பல்தான் இரும்பைத் தின்கிறது. உட்பக்கம் புகையும் கொழுப்பும் படிந்து கறுத்து நன்றாகவே இருக்கிறது, அதைச் சுரண்டுவதில்லை. மூடியில் பூட்டிய வெப்பமானி ஒரு வருடத்தில் பிழையாகக் காட்டத் தொடங்கியது. இப்போது இறைச்சி மட்டத்தில் கம்பி வைத்துப் பார்க்கும் வெப்பமானிதான் பாவிக்கிறேன்.

சாப்பிட ரோஸ் பாண், தேசிக்காய் விட்ட வெங்காயச் சம்பல், புளியும் பனங்கட்டியும் காய்ச்சிய ஒரு பாணி. மாமி விலாவை ஒரு துண்டுக்கு மேல் தொடமாட்டார். எலும்புகளை மட்டும் எண்ணி எடுத்து வைத்து, மறுநாள் மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டு ரசம் வைப்பார். அந்த ரசத்துக்காகவே போன மாதம் ஒரு பாளம் கூடுதலாக வாங்கினேன்.